மாயவரம் எந்த மாவட்டம்? தமிழ்க் கேள்வியும் கணினியின் அறிவுத் தளமும்

மாயவரம் என்றும் வழங்கும் மயிலாடுதுறை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு 1990ஆம் ஆண்டில் தஞ்சாவூர் என்பது விடை. 1995இல் நாகப்பட்டினம் என்று சொல்லியிருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியிலிருந்து மயிலாடுதுறை என்ற பெயரிலேயே ஒரு மாவட்டம் செயல்படுகிறது. ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. விடை இரண்டு முறை மாறிவிட்டது. காவிரிப் படுகையில் வாழும் எவருக்கும் இது தெரிந்த செய்திதான் என்றாலும், அன்றாடத் தமிழில் கேட்கப்படும் கேள்வியை வாங்கிக்கொண்டு, ஒழுங்குபடுத்தி வைக்கப்பட்ட அறிவுத் தளத்திலிருந்து விடையை எடுத்துத் தரும் ஒரு கணினி அமைப்பை உருவாக்க முனைபவருக்கு இந்தச் சிறிய கேள்வியே போதிய பாடத்தைக் கற்றுக் கொடுத்துவிடும்.

இந்தப் பகுதிக் கல்லூரி ஒன்றில் கணினியியல் கற்பிக்கிறேன். இத்துறையை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது பாடநூல்களில் வழக்கமாக வரும் அமெரிக்க மாநிலங்களையும் அவற்றின் தலைநகரங்களையும் ஒதுக்கிவிட்டு, நம் ஆறுகளையும் ஊர்களையும் நெல் வகைகளையும் வைத்துக் கேள்விகளை அமைக்கிறேன். தமிழ் இலக்கணம் கடினமானது, அதனால்தான் கணினிக்குத் தமிழ்க் கேள்வி பிடிபடுவதில்லை என்று பலரும் சொல்கிறார்கள். இலக்கணத்தால் வரும் தடைகள் உண்டு. அவை பெரும்பாலும் விதிகளுக்குள் அடங்குபவை. நாம் புழங்கும் பெயர்களும், ஒரு செய்தி எந்தக் காலத்துக்குப் பொருந்தும் என்ற குறிப்பும் அறிவுத் தளங்களில் போதுமான அளவு பதிவாகாமல் இருப்பதுதான் அதைவிடப் பெரிய தடை என்பது என் உறுதியான கருத்து.

அறிவுத் தளம் எத்தகையது என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் எழுதி வரும் அடங்கலைப் பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். புல எண், பரப்பு, பயிர், பருவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் அதில் இருக்கிறது. எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. அதனால்தான் இந்த ஆண்டு எத்தனை ஏக்கரில் குறுவை நடவாயிற்று என்று கேட்டால், பக்கம் பக்கமாகப் படித்துப் பொருள் கொள்ளாமல், உரிய கட்டத்தை மட்டும் கூட்டி விடை சொல்ல முடிகிறது. கணினியின் அறிவுத் தளத்தில் ஒவ்வொரு கூற்றும் எதைப் பற்றியது, என்ன தொடர்பு, எதனோடு என்று மூன்று பகுதிகளாக நிற்கும். பவானி, கலக்கும் இடம், காவிரி என்பது ஒரு கூற்று. சீனிவாச இராமானுஜன், பிறந்த இடம், ஈரோடு என்பது இன்னொன்று.

இன்று யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய இத்தகைய தளங்களில் மிகப் பெரியது 2012ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட விக்கித்தரவு. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. தமிழ்நாட்டுக்குக் கியூ1445, சென்னைக்குக் கியூ1352. பண்புகள் எனப்படும் தொடர்புகளுக்கும் எண்கள் உண்டு. நாடு என்பது பி17, பிறந்த நாள் என்பது பி569. பெயர்கள் இந்த எண்களோடு மொழிதோறும் தனித்தனியே இணைக்கப்படுகின்றன. இதன் பயன் பெரிது. காவிரியின் பிறப்பிடத்தைக் குடகைச் சேர்ந்த ஒருவர் கன்னட முகப்பில் பதிந்திருந்தாலும், அந்தக் கூற்று எந்த மொழிக்கும் தனியுடைமை ஆவதில்லை. தமிழில் கேட்பவருக்கும் அது விடையாகும். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: ஆற்றுக்கும் ஊருக்கும் தொடர்புக்கும் தமிழ்ப் பெயர் அங்கே இருக்க வேண்டும்.

எளிய மொழியில் கேட்டு விடை பெறும் முயற்சி அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அமெரிக்காவில் 1961இல் வெளியான பேஸ்பால் என்ற நிரல், ஓர் ஆண்டின் ஆட்ட விவரங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, எந்த அணி எங்கே எப்போது யாரோடு ஆடியது என்பன போன்ற ஆங்கிலக் கேள்விகளுக்கு விடை சொன்னது. பத்தாண்டுகள் கழித்து வில்லியம் வுட்ஸ் குழுவினர் உருவாக்கிய லூனார், அப்பல்லோ 11 பயணத்தில் கொண்டுவரப்பட்ட நிலாப் பாறைகளின் வேதிப் பகுப்பாய்வு விவரங்களைக் கொண்டிருந்தது. 1971இல் ஹூஸ்டனில் நடந்த நிலா அறிவியல் மாநாட்டில் நிலவியலாளர்களே அதனிடம் கேள்வி கேட்டார்கள். நூற்றுக்கு 78 கேள்விகளுக்குச் சரியான விடை வந்தது, சிறு பிழைகளைத் திருத்தினால் அது 90 அளவுக்கு உயரும் என்று கணக்கிடப்பட்டது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது லூனார்தான். அதன் எல்லை குறுகியது, தரவு முழுமையானது, கேட்பவர்கள் தம் துறையை அறிந்தவர்கள். இந்த மூன்றும் சேர்ந்திருந்ததால் அந்தக் காலத்துக் கணினியிலேயே அவ்வளவு செய்ய முடிந்தது.

பின்னர் வந்த சாட்-80 என்ற நிரல் உலகப் புவியியல் கேள்விகளைத் தருக்க வாய்பாடுகளாக மாற்றியது. 1996இல் வெளிவந்த ஜியோகுவெரி ஆய்வு, விதிகளைக் கையால் எழுதாமல் 250 கேள்விகளையும் அவற்றுக்கு உரிய வினவல்களையும் (தளத்தில் தேடுவதற்காகக் கணினி மொழியில் எழுதப்படும் கேள்விகளையும்) காட்டிக் கணினியையே கற்றுக்கொள்ளச் செய்தது. 2007இல் டிபிபீடியா, ஃபிரீபேஸ் என்ற அறிவுத் தளங்கள் வந்த பிறகு தரவின் அளவு பெருகியது. 2013இல் 5,810 கேள்விகளோடு வெப்குவெஸ்சன்ஸ் தொகுப்பும், 2015இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகளோடு சிம்பிள்குவெஸ்சன்ஸ் தொகுப்பும் வெளிவந்தன. இவை எல்லாம் ஆங்கிலக் கேள்விகள். இவ்விரு தொகுப்புகளும் சார்ந்திருந்த ஃபிரீபேஸை 2010இல் கூகுள் வாங்கி, 2016இல் மூடிவிட்டது. பொதுமக்கள் கையில் இருக்கும் தளத்தில் உழைப்பைச் செலுத்துங்கள் என்று மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்த நிகழ்வும் ஒரு காரணம்.

ஒரு கேள்வி வந்தவுடன் அதில் எந்தப் பொருள் பேசப்படுகிறது என்பதைக் கண்டுபிடிப்பது முதல் வேலை. நம் பகுதியில் அந்த முதல் வேலையிலேயே கணினி தடுமாறும். 1982இல் மயிலாடுதுறை என்ற பெயர் அரசால் மீட்கப்பட்டது. ஆனால் பேருந்தில் சீட்டு வாங்கும் பெரியவர் இன்றும் மாயவரம் என்கிறார், பழைய ஆவணங்களில் மாயூரம் என்று இருக்கிறது. கும்பகோணம் குடந்தையாகவும் நாகப்பட்டினம் நாகையாகவும் வழங்குகின்றன. இந்த மாற்றுப் பெயர்கள் எல்லாம் ஒரே எண்ணோடு சேர்க்கப்பட்டிருந்தால் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். சேர்க்கப்படவில்லை என்றால், உலகின் மிகச் சிறந்த நிரலாலும் மாயவரத்துக்கும் மயிலாடுதுறைக்கும் உள்ள உறவை எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க இயலாது.

நெல்லில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. சி.ஆர். 1009, சாவித்திரி, பொன்மணி என்று மூன்று பெயர்களில் வழங்கப்படுவது ஒரே நெல். ஆடுதுறை 36 என்பதும் ஏ.டி.டி. 36 என்பதும் ஒன்றே. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடந்து வருவதால் அந்த ஊரின் பெயர் பல நெல் வகைகளுக்கு முன்னொட்டாகிவிட்டது. ஆகவே ஆடுதுறை என்ற சொல்லைப் பார்த்தவுடன் ஊர் என்று முடிவு கட்டும் அமைப்பு, விவசாயி கேட்கும் கேள்விகளில் பலவற்றைத் தவறாகப் புரிந்துகொள்ளும். சம்பா என்பது பருவமும் ஆகும், நெல்லும் ஆகும். தஞ்சாவூர் என்றால் மாநகரமா, மாவட்டமா, தொகுதியா என்பது கேள்வியின் மற்றப் பகுதியைப் பார்த்தால்தான் விளங்கும்.

பொன்னி என்ற பெயரை வகுப்பில் நான் அடிக்கடி எடுத்துக்கொள்வேன். பொன்னி எங்கே பிறக்கிறது என்றால் ஆறு. பொன்னிக்கு எத்தனை நாள் என்றால் நெல். பெயரை மட்டும் வைத்து முதலில் பொருளைத் தேர்ந்துவிட்டு, அதன் பிறகு தொடர்பைத் தேடும் அமைப்பு இங்கே தோற்றுவிடும். பிறப்பிடம் என்ற பண்பு ஆற்றுக்கு உண்டு, நெல்லுக்கு இல்லை. பயிர்க்காலம் நெல்லுக்கு உண்டு, ஆற்றுக்கு இல்லை. ஆகவே பெயரையும் தொடர்பையும் ஒருசேர எடைபோட்டு, தளத்தில் எந்த இணை பொருந்துகிறது என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அறிவுத் தளம் விடையைத் தருவதற்கு முன்பே கேள்வியைப் புரிந்துகொள்வதற்கும் உதவுகிறது என்பதை மாணவர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே கண்டுகொள்கிறார்கள்.

வேற்றுமை உருபு ஏறும்போது பெயர் மாறுவதும் உண்டு. கும்பகோணம் கும்பகோணத்தில் என்றும், திருவையாறு திருவையாற்றில் என்றும் ஆகின்றன. இது விதிக்குள் அடங்கியது என்பதால் நல்ல சொல்லாய்வு நிரல் ஒன்று இருந்தால் கையாண்டுவிடலாம். அதே உருபுகள் வேறோர் இடத்தில் பேருதவி செய்கின்றன. பவானி எந்த ஆற்றில் கலக்கிறது என்ற கேள்வியையும், எந்த ஆறு பவானியில் கலக்கிறது என்ற கேள்வியையும் பாருங்கள். சொற்கள் ஏறத்தாழ ஒன்றே. முன்னதற்குக் காவிரி விடை, பின்னதற்கு மோயாறு விடை. பவானியில் எந்த ஆறு கலக்கிறது என்று சொற்களை இடம் மாற்றிக் கேட்டாலும் விடை மோயாறுதான். சொற்களின் வரிசையை நம்பாமல் இல் என்ற உருபு எந்தப் பெயரோடு ஒட்டி நிற்கிறது என்று பார்த்தால் தொடர்பின் திசை தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. சொல் வரிசையையே சார்ந்திருக்கும் மொழிகளுக்காகச் செய்த முறையை அப்படியே எடுத்து வந்து தமிழில் பொருத்துபவர்கள் இந்தத் துணையைக் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆறுகளைப் பற்றிய தரவில் வேறொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. உலகின் பெரும்பாலான ஆற்று நிலங்களில் மக்கள் கேட்பது, இந்த ஆற்றில் எந்தெந்த ஆறுகள் வந்து கலக்கின்றன என்பதுதான். காவிரிக்கும் ஹேமாவதி, கபினி, பவானி, நொய்யல், அமராவதி என்று துணையாறுகள் உண்டு. ஆனால் கல்லணைக்குக் கிழக்கே வாழும் நமக்கு வேண்டியது தலைகீழான கேள்வி: எந்த ஆறு எதிலிருந்து பிரிகிறது? கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பங்கிடப்படுகிறது. குடமுருட்டியும் அரசலாறும் காவிரியிலிருந்து பிரிகின்றன; வெட்டாறு வெண்ணாற்றிலிருந்து பிரிகிறது. நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் கிளைக்கின்றன. இவற்றை விக்கித்தரவில் பதியும்போது, கிளையாற்றின் தோற்றுவாய் என்ற பண்புக்குத் தாயாற்றை மதிப்பாகத் தர வேண்டும். துணையாறு என்ற பண்பை மட்டும் நிரப்பிவிட்டு, இந்தப் பண்பை வெறுமையாக விட்டால், நம் படுகையைப் பற்றிய கேள்விகளில் பாதிக்கு விடையே கிடைக்காது.

தோற்றுவாய் ஒழுங்காகப் பதிவாகிவிட்டால் மேலும் ஒரு வாய்ப்பு உண்டாகிறது. கோரையாற்றுக்குக் காவிரித் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பது கடைமடை விவசாயி கேட்கக்கூடிய கேள்வி. கோரையாறு காவிரியிலிருந்து பிரிகிறது என்று தளத்தில் நேரடியான கூற்று இருக்காது. கோரையாற்றிலிருந்து வெண்ணாற்றுக்கும், வெண்ணாற்றிலிருந்து காவிரிக்கும் ஒரே பண்பைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏற வேண்டும். எத்தனை படி என்பது முன்கூட்டித் தெரியாது. விக்கித்தரவில் தேடுவதற்கான ஸ்பார்க்கில் என்னும் வினவல் மொழி 2008இல் தரமாக்கப்பட்டபோது இந்த வசதி அதில் இருக்கவில்லை. 2013இல் வந்த 1.1ஆம் பதிப்பில்தான் பண்புகளைச் சங்கிலியாகத் தொடரும் முறை சேர்ந்தது. இன்று ஒரே வரியில் அதைக் கேட்டுவிட முடியும்.

பல படிகள் கொண்ட கேள்விகளில் கோயில்கள் நல்ல பயிற்சி தருகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அரசரின் மகன் எழுப்பிய பெருங்கோயில் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால், பெரிய கோயிலிலிருந்து முதலாம் இராசராசனுக்கும், அவரிடமிருந்து முதலாம் இராசேந்திரனுக்கும், அவரிடமிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கும், அங்கிருந்து அரியலூர் மாவட்டத்துக்கும் செல்ல வேண்டும். இடையில் ஒரு கூற்று விடுபட்டிருந்தாலும் விடை வராது. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. பெரம்பலூரிலிருந்து 2001இல் பிரிக்கப்பட்ட அரியலூர் மாவட்டம், 2002இல் மீண்டும் பெரம்பலூரோடே இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஆகவே ஒரே ஊருக்கு ஒரே மாவட்டத்தை இருவேறு காலப் பகுதிகளில் பதிய வேண்டியிருக்கிறது. விக்கித்தரவில் ஒரு கூற்றோடு தொடக்கக் காலம், முடிவுக் காலம் என்ற குறிப்புகளை இணைக்கும் வசதி உண்டு. வலங்கைமான் 1991இல் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே நின்று 1997இல் திருவாரூருக்குச் சென்றது போன்ற ஊர்தோறும் மாறும் வரலாற்றை அந்தக் குறிப்புகள் இல்லாமல் சரியாகச் சொல்ல வழியில்லை. நான் பார்த்த பதிவுகளில் இன்றைய மாவட்டம் மட்டும் இருந்து, காலக்குறிப்பு விடுபட்டவையே மிகுதி.

கேள்வியிலேயே தவறான செய்தி புதைந்திருப்பதும் உண்டு. கும்பகோணத்தில் பிறந்த கணித மேதை இராமானுஜன் எந்த ஆண்டு பிறந்தார் என்று மாணவர்கள் கேட்பது இயல்பு. அவர் படித்து வளர்ந்த ஊர் அதுதான். ஆனால் அவர் 1887இல் பிறந்தது ஈரோட்டில். கும்பகோணத்தில் பிறந்தவர் என்ற நிபந்தனையைக் கண்டிப்பாக வைத்துத் தேடும் அமைப்பு விடை இல்லை என்று சொல்லிவிடும். நிபந்தனையைக் கண்டுகொள்ளாத அமைப்பு 1887 என்று மட்டும் சொல்லித் தவறை உறுதிப்படுத்திவிடும். ஆண்டைச் சொல்லி, பிறந்த ஊர் ஈரோடு என்பதையும் எடுத்துரைப்பதே கேட்பவருக்குச் செய்யும் மரியாதை. கூற்றுகள் தனித்தனியே நிற்பதால், எந்தக் கூற்று பொருந்தவில்லை என்று சுட்டிக்காட்டுவது இத்தகைய தளங்களில் இயலும் காரியம்.

இனி, நம் பகுதியில் மிகவும் கவனத்தோடு கையாள வேண்டிய கேள்விக்கு வருகிறேன். காவிரியில் தமிழ்நாட்டின் பங்கு எவ்வளவு? தேநீர்க் கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் ஒருவர் 205 என்பார், ஒருவர் 192 என்பார், ஒருவர் 419 என்பார், இன்னொருவர் 177.25 என்பார். நான்கு எண்களும் உண்மையான ஆவணங்களிலிருந்து வந்தவை. காவிரி நடுவர் மன்றத்தின் 1991ஆம் ஆண்டு இடைக்கால ஆணை, கர்நாடகம் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் மேட்டூருக்கு வந்து சேரும்படி விட வேண்டும் என்றது. 2007ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பு, மொத்தம் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டு அதில் தமிழ்நாட்டுக்கு 419 ஒதுக்கியது; மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் விட வேண்டிய அளவை 192 என்று வைத்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தின் பங்கை 14.75 டி.எம்.சி. உயர்த்தியது, அதனால் தமிழ்நாட்டின் ஒதுக்கீடு 404.25 ஆகவும், பிலிகுண்டுலுவில் விட வேண்டியது 177.25 ஆகவும் குறைந்தன.

ஆகவே பங்கு என்ற ஒரு சொல்லின் பின்னால் இரண்டு வெவ்வேறு அளவுகள் நிற்கின்றன. ஒன்று, தமிழ்நாட்டு எல்லைக்குள் பெய்யும் மழையால் வரும் நீரையும் சேர்த்த முழு ஒதுக்கீடு. மற்றொன்று, எல்லையில் அளந்து விட வேண்டிய நீர். ஒவ்வொன்றுக்கும் காலத்தால் மாறிய மதிப்புகள் உண்டு. கேள்வியை ஒரே எண்ணாகச் சுருக்கிச் சொல்லும் அமைப்பு, எந்த எண்ணைச் சொன்னாலும் யாரோ ஒருவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். இங்கே எது ஒதுக்கீடு, எது எல்லையில் விட வேண்டியது, எந்த ஆணைப்படி, எந்த ஆண்டிலிருந்து என்ற நான்கும் தனித்தனிக் கட்டங்களாகப் பதிவாக வேண்டும். விடையும் அப்படியே வர வேண்டும்: இன்று நடைமுறையில் உள்ளது 2018 தீர்ப்பின்படி 404.25 டி.எம்.சி. ஒதுக்கீடு, அதில் பிலிகுண்டுலுவில் விட வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று. மக்களின் வாழ்வோடு இவ்வளவு நெருக்கமான ஒரு கேள்விக்கு, மூலம் சொல்லாமல் எண்ணை மட்டும் உதிர்க்கும் எந்தக் கருவியையும் நான் ஏற்கமாட்டேன்.

எண்ணிக்கைக் கேள்விகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. படுகையில் எத்தனை கிளையாறுகள் உள்ளன என்று கேட்டால் கணினி தயக்கமின்றி ஓர் எண்ணைத் தரும். அது தளத்தில் பதிவானவற்றின் எண்ணிக்கை. நிலத்தில் ஓடுபவற்றின் எண்ணிக்கை என்று கொள்ளக் கூடாது. கடலில் சேராத ஆறுகள் எவை என்ற கேள்விக்கும் இதே நிலைதான். அரசலாறு காரைக்காலில் கடலைச் சேர்கிறது என்று பதிவாகாமல் இருந்தால், அது கடலில் சேராத ஆறுகளின் பட்டியலில் வந்துவிடும். லூனாருக்கு இந்தத் தொல்லை இல்லை. பகுப்பாய்வு செய்யப்பட்ட பாறைகள் எல்லாம் அதன் அட்டவணைக்குள் இருந்தன. பலரும் சேர்ந்து எழுதும் பரந்த தளத்தில், பதிவு இல்லை என்பதை உலகில் இல்லை என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்கும் கட்டுப்பாடு, விடை சொல்லும் நிரலுக்கும் வேண்டும், அதை வாசிக்கும் நமக்கும் வேண்டும்.

கல்லணை எப்போது கட்டப்பட்டது என்பது போன்ற கேள்விகளில், காலத்தை எவ்வளவு துல்லியமாக அறிவோம் என்பதும் விடையின் பகுதியாகிறது. விக்கித்தரவில் ஒரு காலத்தை நாள் அளவிலோ ஆண்டு அளவிலோ நூற்றாண்டு அளவிலோ பதிய முடியும். கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் அணைக்கு ஏதோ ஓர் ஆண்டை நட்டு வைக்காமல், நூற்றாண்டு அளவில் நிறுத்துவதே முறை.

மேட்டூர் அணையில் இன்று எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற கேள்வி வேறு வகை. அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பவை நிலையானவை, அறிவுத் தளத்துக்கு உரியவை. அன்றன்றைய நீர்மட்டமும் நீர்வரத்தும் அளவீட்டு அட்டவணையிலிருந்து வர வேண்டியவை. நல்ல அமைப்பு இரண்டையும் இணைக்கும். அணை நிரம்பிவிட்டதா என்று கேட்டால், இன்றைய மட்டத்தை 120 அடியோடு ஒப்பிட்டு விடை சொல்லும். விநாடிக்கு 10,000 கன அடி திறந்தால் ஒரு நாளில் எவ்வளவு போகும் என்றால், 86,400 விநாடிகளால் பெருக்கி, 86.4 கோடி கன அடி, அதாவது 0.864 டி.எம்.சி. என்று கணக்கிட்டுத் தரும். வழக்கமாக மேட்டூர் அணை திறக்கப்படும் ஜூன் 12 நெருங்கும்போது நம் வீடுகளில் பேசப்படும் கணக்கு இதுதான். இதற்குப் பெரிய அறிவாற்றல் எதுவும் வேண்டியதில்லை, அலகுகள் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால் போதும்.

இப்போது ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பயின்ற பெரும் மொழி மாதிரிகள் எந்தக் கேள்விக்கும் சரளமாகத் தமிழில் விடை எழுதுகின்றனவே, இந்த உழைப்பெல்லாம் இனி எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கேள்வியைப் புரிந்துகொள்வதில் அவை பழைய முறைகளைவிட மிகவும் முன்னேறியவை என்பதில் எனக்கு ஐயமில்லை. வட்டார வழக்கில் கேட்டாலும், பாதி வாக்கியத்தில் கேட்டாலும் கருத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் 192க்கும் 177.25க்கும் இடையில் அவை தவறிவிட்டால், அந்தத் தவறு மாதிரிக்குள் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்துத் திருத்தச் சாதாரண வாசகருக்கு வழி கிடையாது. அறிவுத் தளத்தில் தவறு இருந்தால் அது ஒரு வரியில் இருக்கிறது. மூலத்தைக் காட்டி அந்த ஒரு வரியைத் திருத்தினால், அன்றிலிருந்து கேட்பவர்கள் எல்லோருக்கும் விடை திருந்திவிடுகிறது. ஆகவே மொழி மாதிரி வினவலை எழுதட்டும், தளம் விடையைத் தரட்டும், விடையோடு அது எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்பதும் காட்டப்படட்டும் என்ற வேலைப் பங்கீட்டையே நான் ஆதரிக்கிறேன். இன்று உலகெங்கும் பல குழுக்கள் இந்த வழியில் உழைக்கின்றன. இந்தப் பங்கீடு தமிழில் சிறக்க வேண்டுமானால், மாதிரியைப் பெரிதாக்கும் ஆற்றல் நம் கல்லூரிகளுக்கு இல்லாவிட்டாலும், தளத்தைச் செம்மையாக்கும் ஆற்றல் நம் ஒவ்வொரு மாணவருக்கும் இருக்கிறது.

எங்கள் மாணவர்கள் அவரவர் ஊரிலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் மாற்றுப் பெயர்கள். மக்கள் வாயில் புழங்கும் எந்த வடிவமாக இருந்தாலும், தேடுபவர் வந்து சேர வேண்டும் என்பதற்காக அதைச் சேர்க்கிறோம். அடுத்து, மாவட்டமும் வட்டமும் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்ற குறிப்புகள். அரசாணையோ அரசிதழோ கையில் கிடைத்தால் மட்டுமே நாளை எழுதுகிறோம், இல்லாவிட்டால் ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். வாய்க்கால்களைப் பதியத் தொடங்கியபோது மன்னார்குடிப் பக்கத்து மாணவி ஒருவர், "சார், எங்க வாய்க்கால் எந்த ஆத்துலயும் போய்ச் சேராது, கடைசி வயலோட முடிஞ்சிடும். கழிமுகம்னு கேக்குற இடத்துல என்ன போடுறது?" என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால், இன்னும் யாரும் எழுதவில்லை என்றுதான் பொருள்படும். விக்கித்தரவில் ஒரு பண்புக்கு மதிப்பு இல்லை என்பதையே வெளிப்படையாகப் பதிய இடம் இருக்கிறது. மதிப்பு உண்டு, ஆனால் அறியப்படவில்லை என்று பதியவும் தனி வழி இருக்கிறது. பாசன வாய்க்கால்களுக்கு இவற்றில் முதலாவதைப் பயன்படுத்துகிறோம். அப்படிப் பதிந்துவிட்டால், எங்கும் கலக்காமல் கடைமடை வயலோடு முடியும் வாய்க்கால்கள் எவை என்று யாராவது தமிழில் கேட்கும்போது, தரவு விடுபட்ட வாய்க்கால்களை அந்தப் பட்டியலில் சேர்த்துக் குழப்பாமல், உண்மையிலேயே அங்கே முடிபவற்றை மட்டும் கணினியால் பிரித்துச் சொல்ல முடியும்.